சிவப்பு விளக்கு, கமரா, தண்டப் பத்திரம்: வாகன உரிமையாளர் கேள்விகள்

கேள்வி: என் கணவரின் பெயரிலிருந்த காரைக் கடந்த வருடம் தரகர் ஒருவர் மூலம் விற்றோம். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்வதாகச் சொல்லி, கையெழுத்திட்ட பத்திரங்களை வாங்கியவர் எடுத்துச் சென்றார். இப்போது பொரளையில் சிவப்பு விளக்கில் நிற்காமல் சென்றதாக எங்கள் வீட்டுக்குத் தண்டப் பத்திரம் வந்திருக்கிறது. கட்டிவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கட்ட வேண்டாம், அதேவேளை பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். தண்டத்தைச் செலுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். செலுத்தாமலும் பதில் சொல்லாமலும் விட்டால், 14 நாட்கள் கடந்ததும் தொகை இரு மடங்காகும், 28 நாட்களுக்குப் பின் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே முதல் 14 நாட்களுக்குள் செயற்படுவதே முக்கியம்.

2024 ஜனவரி 22ஆம் திகதி முதல் கொழும்பு நகரின் சிசிடிவி கமராக்களைக் கொண்டு பொலிஸார் வீதி விதிமீறல்களைக் கண்டறிந்து வருகின்றனர். கமராவுக்குத் தெரிவது இலக்கத் தகடு மட்டுமே. இருக்கையில் அமர்ந்திருந்தவர் யார் என்பது அதற்குத் தெரியாது. இலக்கத்தை வைத்து மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், அங்கே யாருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய முகவரிக்கே பத்திரம் வருகிறது. உங்கள் கணவர் காரை விற்றுவிட்டார் என்பது உங்களுக்கும் தரகருக்கும் வாங்கியவருக்கும் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது.

விற்பனை ஒப்பந்தம், வாங்கியவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வங்கியில் பணம் வைப்பிலிட்ட சான்று, தரகருடன் பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள் என எது கையிலிருந்தாலும் எடுத்துக்கொண்டு, பத்திரத்தை அனுப்பிய பொலிஸ் நிலையத்துக்குக் கணவரே நேரில் சென்று, குறித்த நாளில் வாகனம் யாருடைய பாவனையில் இருந்தது என்பதை எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். விதிமீறலைக் காட்டும் படத்தையும் பார்க்கக் கேளுங்கள். இலக்கத்தில் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். அடுத்து, நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத் தலைமையகத்துக்கு உடைமை மாற்ற அறிவித்தலைச் சமர்ப்பியுங்கள். விற்பவர் கொடுக்க வேண்டியது எம்டீஏ 6 படிவம், வாங்குபவர் கொடுக்க வேண்டியது எம்டீஏ 8 படிவம். வாங்கியவர் தமது படிவத்தைக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெயரை மாற்றாமல், கையெழுத்திட்ட பத்திரங்களை மட்டும் கொடுத்து விற்கும் "ஓப்பன் பேப்பர்" வியாபாரம் நம் ஊரில் பல காலமாக நடக்கிறது. ஒரே பத்திரம் மூன்று, நான்கு கைகள் மாறி, கடைசியாக ஓட்டுபவரின் முகத்தை முதல் உரிமையாளர் பார்த்தே இருக்க மாட்டார். தண்டப் பத்திரம் வந்ததோடு போயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கார் ஒருவரை மோதிவிட்டுத் தப்பியிருந்தால், பொலிஸார் தேடி வரும் முதல் வாசல் உங்களுடையதாகவே இருந்திருக்கும். வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: லீசிங் முடிந்துவிட்டது என்று விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல், பதிவுச் சான்றிதழில் முழுமையான உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாடசாலை வேன் ஓட்டுகிறேன். காலை வேளையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு எரியும்போதே பொலிஸ் உத்தியோகத்தர் கையைக் காட்டிப் போகச் சொல்கிறார். கமரா அதைக் குற்றமாகப் பதிந்துவிடுமா? முன் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தி வீதியைப் பதிவுசெய்யும் டேஷ் கமரா வாங்குவது பயன்படுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கடமையிலிருக்கும் உத்தியோகத்தரின் சைகை விளக்குக்கு மேலானது. அவர் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும்; நின்றால்தான் தவறு. ஆனால் உயரத்தில் பொருத்திய கமராவின் படத்தில் உங்கள் வேனும் சிவப்பு விளக்கும் தெரிந்து, உத்தியோகத்தர் ஒரு பஸ்ஸின் மறைவில் நின்றிருந்தால், மாதங்கள் கழித்து அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? அந்தக் காரணத்துக்காகவே டேஷ் கமராவை வாங்கச் சொல்வேன்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "4கே" என்பதில் மயங்க வேண்டாம். 1080பி தரத்தில், மங்கலான வெளிச்சத்திலும் முன்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கம் தெரிந்தாலே போதும். கடையில் பதிவொன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கொழும்பு வெயிலில் நிறுத்திய வேனின் கண்ணாடிக்குப் பின்னால் லித்தியம் பற்றரி உப்பிப் பழுதாகும் என்பதால், பற்றரிக்குப் பதிலாக, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் சுப்பர் கெப்பாசிற்றர் என்ற மின்சேமிப்புப் பாகம் உள்ள வகையைக் கேளுங்கள். மெமரி கார்ட்டும் தொடர்பதிவுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கார்ட் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும் ஆகையால், சந்தேகமான சம்பவம் நடந்த அன்றே கோப்பைப் பிரதியெடுத்து, மூலக் கார்ட்டையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். சம்பவ நேரத்தில் எடுக்கப்பட்ட பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கிறது. மூலப் பதிவு மாற்றப்படாமல் இருப்பது அங்கே பெரிதாகப் பார்க்கப்படும். கமராவின் திகதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். உத்தரவாதத்தைக் கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: தண்டம் நிலுவையில் உள்ளதென்று இணைப்புடன் குறுஞ்செய்தி வந்தது. நம்பலாமா? (வாசகர், மட்டக்குளி)

பதில்: இணைப்பைத் தொட வேண்டாம். தண்டத்தைத் தபாலகத்தில் கட்டலாம், அல்லது உங்கள் வங்கியின் செயலியை நீங்களே திறந்து அதிலுள்ள கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டணச் சேவை மூலம் கட்டலாம். அட்டை இலக்கத்தைக் கேட்கும் செய்தி மோசடிக்காரருடையது.

கேள்வி: இந்தக் கமராக்கள் உயிரைக் காக்கவா, கஜானாவை நிரப்பவா? (வாசகர், தெஹிவளை)

பதில்: இரண்டும் நடந்திருக்கின்றன. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பு விளக்குக் கமரா வைத்த சந்திகளில் பக்கவாட்டில் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 25 வீதம் குறைந்தன; திடீரென நிறுத்துவோரைப் பின்னால் வருவோர் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 15 வீதம் கூடின. பக்கவாட்டு மோதல்தான் அதிகம் கொல்லும் என்பதால் கமராவை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் சிகாகோவில் கமரா ஒப்பந்தத்துக்காக இலஞ்சம் வாங்கிய முன்னாள் நகர அதிகாரி 2016இல் 10 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். டெக்சஸ் மாநிலம் 2019இல் இக்கமராக்களையே தடை செய்தது.

நீதி பெரும்பாலும் மஞ்சள் விளக்கில்தான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் நகர்கிறது. சாரதி சுதாரிக்க ஒரு விநாடியும் சாதாரணமாகப் பிரேக் பிடித்து நிறுத்தும் தூரமும் சேர்ந்தால் 46 மீற்றர் தேவை. மஞ்சள் மூன்று விநாடி மட்டும் எரிந்தால், அந்த நேரத்தில் கார் கடப்பது 42 மீற்றர். அப்படியானால் சந்தியின் நிறுத்தக் கோட்டுக்கு 44 மீற்றர் தொலைவில் இருப்பவரால் நிறுத்தவும் முடியாது, சிவப்பு விழுமுன் நுழையவும் முடியாது. அரை விநாடி கூட்டினால் அந்தச் சிக்கல் தீரும், அவருக்குத் தண்டமும் இல்லாமற்போகும்.

உங்கள் சந்தியில் மஞ்சள் எத்தனை விநாடி என்பதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சந்தியின் பெயரைக் குறிப்பிட்டு, வீதி அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு மாநகர சபை இரண்டினதும் தகவல் அதிகாரிகளுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.