ஒரே வேகத்தில் நிற்காமல் ஓடும் இசையில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மோட்டோ பெர்பெச்சுவோ என்று ஒரு வயலின் இசை கேட்டேன், தையல் மெஷின் ஓடுவதுபோல இருந்தது." எங்கள் அம்மா இதையே மாவு மில் என்பார். நானும் ரொம்ப நாள் உங்கள் கட்சிதான்.

தெரியாதவர்களுக்காக: மோட்டோ பெர்பெச்சுவோ என்றால் இத்தாலிய மொழியில் ஓயாத ஓட்டம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே நீளமுள்ள வேகமான சுரங்கள் இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். இத்தாலிய வயலின் கலைஞர் பகானினியின் ஓபஸ் 11 (அவருடைய பதினோராம் எண் படைப்பு) இதற்குப் பிரபலமான உதாரணம்.

நான் எட்டு வருஷம் கர்நாடக வயலின் கற்றவன். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மூன்றாம் காலத்தில் வாசித்தால் அதுவும் சம அளவுச் சுரங்களின் ஓட்டம்தான். ஆனால் அது கை பழகுவதற்கு. யாரும் அதைக் கச்சேரியில் வாசிப்பதில்லை. அதனால் பகானினியை முதலில் கேட்டபோது, பாடத்தைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. கமகம் இல்லை, நின்று இளைப்பாற ஒரு சுரம் இல்லை. வேகம் இருக்கிறது, சரி, அதனால் என்ன?

என் எண்ணத்தை மாற்றியது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது இளையராஜா. 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று உண்டு. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் (பல சிறு பகுதிகளைக் கோத்த இசைத் தொடர்) தொடக்கப் பகுதியை எடுத்துக்கொண்டு அதோடு பேசிப் பார்த்திருப்பார். கேட்ட கையோடு மூலத்தைத் தேடிப் போனேன்.

பாக் தன் கையால் எழுதிய பிரதியில் 1720 என்று இருக்கிறது. பக்கவாத்தியம் கிடையாது, ஒரே ஒரு வயலின். மூன்று எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு ஒரு தகதிமி. ஆரம்பத்திலும் முடிவிலும் கொஞ்சம் தவிர, 138 அளவுகளும் (மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஓர் அளவு) இப்படியே ஓடுகின்றன.

இதில் சூட்சுமம் என்னவென்றால், தாள வேறுபாடு என்ற ஒன்றையே பாக் கைவிட்டுவிடுகிறார். எல்லாச் சுரமும் ஒரே நீளம் என்று ஆனதும், காது கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. ரயிலில் ஏறிய பத்து நிமிஷத்தில் தடதடப்பு காதில் விழாமல் போவது மாதிரி. அப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறோம். வெளியே மெதுவாக ஒன்று நகர்கிறது: ஒவ்வொரு தகதிமியிலும் அடியில் விழும் சுரம். அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள், நிதானமாகப் படியிறங்கும் ஒரு மெட்டு கேட்கும். மேலே ஓடுவது வேகமான இசை, கீழே நடப்பது மெதுவான இசை. வாசிப்பவர் ஒருவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பதினேழாவது அளவில் தொடங்குகிறது. வயலினின் இ (E) தந்தியில் விரல் வைக்காமல் ஒரு சுரம், பக்கத்து ஏ (A) தந்தியில் விரல் வைத்து அதே சுரம், இவற்றோடு மாறிக்கொண்டே போகும் இன்னொரு சுரம். வில் தந்திகளுக்கிடையே ஊஞ்சலாடுகிறது. சுரம் ஒன்றுதான், ஆனால் விரல் படாத தந்தியில் பளீரென்றும் விரல் பட்ட தந்தியில் சற்று மங்கியும் கேட்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே சொல்வீர்கள். பாக்குக்கே இந்தப் பகுதி மேல் ஆசை விடவில்லை. 1731-இல் லைப்சிக் நகர மன்றத்துக்காக எழுதிய கான்டாட்டாவில் (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) இதையே ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட்டும் பெரிய முரசும் சேர்த்துத் தொடக்கத்தில் வைத்தார்.

ஆக, உங்களுக்கு என் யோசனை: முதலில் பகானினி வேண்டாம். அங்கே வில் தந்தியில் துள்ளுகிற வித்தைதான் முன்னால் நிற்கிறது (ஒரு வேகத்துக்கு மேல் வில் தானாகவே துள்ளும், அதைத் தடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம்). 'வண்டின் பறத்தல்' எல்லோருக்கும் தெரியும், ஓபரா காட்சியில் ஒரு நிமிஷத்துக்கு அழகு, அவ்வளவுதான் என்பது என் கட்சி. பாக்கைக் கேட்டு முடித்ததும் ஷோபானின் இரண்டாம் பியானோ சொனாட்டாவின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். புகழ்பெற்ற அந்தச் சாவு ஊர்வல இசை முடிந்ததும் வருவது. இரண்டு கைகளும் ஒரே சுரங்களை ஸ்தாயி வித்தியாசத்தில், அடங்கிய குரலில், ஒன்றரை நிமிஷம் நிற்காமல் ஓட்டுகின்றன. பிடித்துக்கொள்ள மெட்டே கிடையாது. சக இசையமைப்பாளர் ஷூமனுக்கே இது இசையாகத் தெரியவில்லை, கேலியாகத்தான் பட்டது. எனக்கு ராத்திரியில் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கும். அதே சம அளவு ஓட்டம்தான், பாக்கிடம் வெயிலாக இருந்தது இங்கே புழுதிக்காற்றாகிவிடுகிறது.

இன்னும் துணிச்சல் இருந்தால் லிகெட்டி 1968-இல் ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) எழுதிய 'கான்டினுவம்'. சுரங்கள் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று கரைகிற அளவுக்கு வேகம். மின்விசிறி இறக்கைகள் சுழலும்போது வட்டமாகத் தெரியுமே, அந்த மாதிரி.

வாசித்துப் பார்க்கும் ஆசையில் ஒருநாள் ச-ப-ச-ப என்று சேர்த்திருந்த வயலினை மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று மாற்றிச் சேர்த்து, பாக்கை மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு அறுபது தட்டில் ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆனது மனப்பாடமாக. நான் சொன்ன அந்த ஊஞ்சல் பகுதி, நடுவில் ஒரு தந்தி தள்ளி ஏ தந்தியில் இன்னொரு முறை வரும். விரல்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே போகும் கதவு ஒரே மாதிரி, வெளியே வரும் கதவு வேறு. வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது வாசித்தேன், இரண்டாவதிலிருந்து முதலாவதின் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். நிற்க ஒரு சுரம்கூட இல்லாத இசையில் யோசிக்க எங்கே நேரம்? சுற்றிக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து, மறுபடி அதே தப்பான கதவு.

இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1861-இல் 'பெர்பெச்சுவம் மொபிலே' என்று ஒரு வேடிக்கை இசை எழுதினார். அதற்கு முடிவு கிடையாது. நடத்துனர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி "இப்படியே, இப்படியே" என்று ஜெர்மனில் சொல்லி நிறுத்துவது வழக்கம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மூன்றாவது சுற்றில் சித்தப்பாதான் காபி டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டு என்னைக் காப்பாற்றினார்.