மாநில அணிக்கு ஆடிய கிரிக்கெட் வீரர் விசிட்டர் விசாவில் போய் இங்கிலாந்து கிளப்புக்கு ஒரு சீசன் ஆடலாமா? கோச்சிங் கொடுக்க எந்த விசா வேண்டும்?

கேள்வியின் விவரம் இது: தம்பிக்கு 20 வயது. சென்ற ஆண்டு மாநில 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். இங்கிலாந்தில் ஒரு கிளப் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆடக் கூப்பிடுகிறது. சம்பளம் இல்லை, டிக்கெட்டும் தங்குமிடமும் தருவார்கள். "சம்பளம் இல்லாததால் விசிட்டர் விசாவே போதும்" என்று கிளப்பிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அங்கேயே டிபெண்டன்ட் விசாவில் இருக்கும் அக்கா, வார இறுதியில் பிள்ளைகளுக்குக் காசு வாங்கி பேட்மின்டன் சொல்லிக்கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி.

இரண்டும் கூடாது. காரணமும் ஒன்றுதான். பிரிட்டன் குடிவரவு விதிகளில் "தொழில்முறை விளையாட்டு வீரர்" என்பதற்குத் தனியாக ஒரு வரையறை இருக்கிறது. நாம் பேச்சுவழக்கில் நினைப்பதைவிட அது மிக அகலமானது. அதன் தொடக்கத்திலேயே "ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும்" என்று வருகிறது. அதனால் சம்பளம் இல்லை என்ற வாதம் முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

அந்த வரையறைக்குள் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டை வைத்து முன்பு பிழைப்பு நடத்தியவர், இப்போது நடத்துபவர், இனி நடத்த விரும்புபவர். தொழில்முறை அல்லது அரைத் தொழில்முறை அணியில் பதிவானவர். அகாடமிப் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. கடந்த 2 ஆண்டுகளுக்குள் நாட்டுக்காகவோ, மாநில அல்லது பிராந்திய அணிக்காகவோ ஆடியவர்; 17 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து மேலே எல்லா வயதுப் பிரிவும் கணக்கு. வாய்ப்புத் தேடித்தர ஏஜென்ட் வைத்திருப்பவர். எந்த மட்டத்திலாயினும் பயிற்சியாளராக வேலை செய்பவர். இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும். உங்கள் தம்பி மாநில அணி என்ற ஒரே காரணத்தால் உள்ளே வந்துவிடுகிறார். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் "அமெச்சூர்" என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு: சொந்த மகிழ்ச்சிக்காக மட்டுமே ஆடுபவர், அதில் பிழைப்புத் தேடாதவர்.

விசிட்டர் விசாவில் விளையாட்டே கூடாது என்றும் இல்லை. ஒரு போட்டித் தொடரில் கலந்துகொள்ளலாம், பரிசுத் தொகை வாங்கலாம், டிக்கெட் வாங்கிய பார்வையாளர்கள் இல்லாத டிரையல்ஸில் கலந்துகொள்ளலாம், விளம்பர நிகழ்ச்சிக்குப் போகலாம், பிரிட்டன் அமைப்பிடம் பணம் வாங்காமல் குறுகிய காலப் பயிற்சி எடுக்கலாம். வீரருடன் அவருடைய சொந்தக் கோச்சும் பிசியோவும் அதே நிகழ்ச்சிக்கு வரலாம். ஆனால் அவர்கள் பிரிட்டனுக்கு வெளியே அவரிடம் வேலை பார்ப்பவர்களாக இருக்க வேண்டும். "தொடர்" என்றால் ஒரு டூர், அல்லது ஒரு போட்டியின் சுற்றுகள். லீக் என்றோ சீசன் என்றோ சொல்லும் அளவுக்கு அது நீளக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஒரே கிளப்புக்கு ஆடுவது சீசன்தான், வேறென்ன?

தொழில்முறை வீரர் பணம் வாங்கக்கூடிய ஒரு சின்ன வழியும் விசிட்டர் விதியில் இருக்கிறது. 2024 ஜனவரி 31 வரை தனி விசாவாக இருந்தது, இப்போது சாதாரண விசிட்டர் விசாவுக்குள்ளேயே வந்துவிட்டது. அழைப்பு முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும், விண்ணப்பத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் அந்த வேலையை முடிக்க வேண்டும். கண்காட்சி ஆட்டத்துக்கு இது சரி. சீசனுக்கு உதவாது.

சீசனுக்கான முறையான வழி "இன்டர்நேஷனல் ஸ்போர்ட்ஸ்பெர்சன்" விசா. டி2, டி5 என்ற பழைய விசாக்களின் விளையாட்டுப் பிரிவுகளை இணைத்து 2021 அக்டோபர் 11 அன்று தொடங்கியது. வீரர், பயிற்சியாளர் இருவருக்கும் இதுதான். குறைந்தபட்ச வயது 16. 18 ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். இதில் வரிசை மாறினால் எதுவும் நடக்காது. முதலில் கிளப்பிடம், வெளிநாட்டவரை அழைக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். அடுத்து அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு எண்டார்ஸ்மென்ட், அதாவது இவர் தகுதியானவர் என்ற ஒப்புதல், தர வேண்டும். கிரிக்கெட்டுக்கு இ.சி.பி. (இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் வாரியம்), இங்கிலாந்துக் கால்பந்துக்கு எஃப்.ஏ. (கால்பந்துச் சங்கம்) போல, அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியல் விதிகளிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு கிளப் உங்கள் பெயருக்கு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் ஒதுக்கும். பெயர்தான் சான்றிதழ், கையில் கிடைப்பது கணினிப் பதிவின் ஓர் எண். அந்த எண் வந்த 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு எண் ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும்.

எண்டார்ஸ்மென்டில்தான் பலருடைய கனவு நின்றுபோகிறது. சர்வதேச அளவில் மிக உயர்ந்த நிலையில் நிலைபெற்றவர், அல்லது பிரிட்டனில் அந்த விளையாட்டின் உயர்மட்ட வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்பவர் என்று அமைப்பு சொல்ல வேண்டும். பயிற்சியாளர் என்றால் தகுதிச் சான்றும் வேண்டும். இதை எப்படி அளப்பது என்பதை ஒவ்வொரு அமைப்பும் தானே வகுத்து வெளியிடுகிறது. கால்பந்தில் இது வெளிப்படையான கணக்கு. ஃபிஃபா தரவரிசையில் முதல் 10 இடத்திலுள்ள நாட்டின் வீரர், குறிப்பிட்ட காலத்தில் அந்நாடு ஆடிய கணக்கில் சேரும் ஆட்டங்களில் 30 சதவீதம் ஆடியிருந்தால் நேரே தேர்ச்சி. நாடு கீழே போகப் போகச் சதவீதம் ஏறும். அது இல்லாதவருக்கு லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள் என்று பார்த்து 15 புள்ளி தேவை.

உங்கள் தம்பி போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். விசிட்டராக ஆட முடியாத அளவுக்கு அவர் "தொழில்முறை". எண்டார்ஸ்மென்ட் கிடைக்குமா என்று பார்த்தால், மாநில இளையோர் அணி என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. இந்த இடைவெளியைத்தான் சில கிளப்புகளும் ஏஜென்ட்களும் "நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதுங்கள்" என்று சொல்லி மூடப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் 10 ஆண்டுகளுக்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். 20 வயதுப் பையனுக்கு அந்த 10 ஆண்டுதான் முழு ஆட்டக்காலமே. மாட்டிக்கொள்வதும் சுலபம்: ஸ்கோர்கார்டு எல்லாம் இணையத்தில் பெயரோடு கிடக்கிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் பேடும் ஹெல்மெட்டும் இருக்கிறது, போனில் கிளப் அனுப்பிய ஆட்ட அட்டவணை இருக்கிறது. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்த கிளப்புக்கும் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விழலாம்.

எண்டார்ஸ்மென்ட் கிடைக்கிற நிலையில் இருப்பவர் காலக்கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் முடிவுக்குப் பொதுவாக 3 வாரம். ஏப்ரல் நடுவில் முதல் ஆட்டம் என்றால் பிப்ரவரிக்குள் சான்றிதழ் எண் கையில் இருப்பது நல்லது. அதற்கு எண்டார்ஸ்மென்ட் வேலை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். கிளப்பிடம் உரிமமே இல்லையென்றால் அதற்கே 8 வாரம் வரை ஆகும், ஆகவே இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கிளப்பைக் கேட்டு நம்ப வேண்டியதில்லை. பிரிட்டன் அரசு இணையதளத்தில் ஸ்பான்சர் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது; கிளப்பின் பெயர், ஊர், அதற்கு நேரே "இன்டர்நேஷனல் ஸ்போர்ட்ஸ்பெர்சன்" என்ற பிரிவு மூன்றும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். வேறு பிரிவு மட்டும் இருந்தால் பயனில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு இடத்திலும் சிக்கல் வரும். ஸ்கோர்கார்டில் "எம். இளங்கோ", பாஸ்போர்ட்டில் "இளங்கோ முருகேசன்", கிரிக்கெட் சங்கச் சான்றிதழில் "முருகேசன் இளங்கோ" என்று இருந்தால், ஆட்டக் கணக்கைச் சரிபார்க்கிறவர் மூன்று பேர் என்று நினைப்பார். மூன்று பெயரும் ஒருவரே என்று சங்கத்திடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, எண்டார்ஸ்மென்ட் கேட்கும்போதே கிளப்புக்குக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ்ப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் ஏற வேண்டும். எண் வந்தவுடன் கிளப்பிடம் அந்தப் பதிவின் நகலைக் கேட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பணத்தில், வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான். கிளப்பே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று சான்றிதழில் குறித்துவிட்டால் இது தேவையில்லை, ஆகவே முதலிலேயே அதைக் கேளுங்கள். விசா 6 மாதத்தைத் தாண்டினால் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம்) முன்பணமாகக் கட்ட வேண்டும், இந்தியாவிலிருந்து போகிறவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வைக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான சீசனுக்குச் சான்றிதழில் தேதியை வீணாக நீட்டிப் போடவிடாதீர்கள் என்பது இதனால்தான். 12 மாதத்துக்கு மேல் என்றால் ஆங்கிலத்தில் ஏ1 என்ற அடிப்படை நிலையும் காட்ட வேண்டும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு தருவார்கள்.

கிளப் மாறினால் புது எண்டார்ஸ்மென்ட், புதுச் சான்றிதழ், புது விண்ணப்பம். அனுமதி வருவதற்கு முன் புதுக் கிளப்பில் இறங்கக் கூடாது. ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் கிளப் ஹோம் ஆபீசுக்கு (பிரிட்டன் உள்துறை) தெரிவிக்கும்; விசா பொதுவாக 60 நாளாகச் சுருக்கப்படும். விசிட்டராக உள்ளே வந்துவிட்டு அங்கிருந்தே இந்த விசாவுக்கு மாற முடியாது.

இனி அக்கா விஷயம். ஸ்கில்டு வொர்க்கரின் (வேலை விசாவில் இருப்பவரின்) டிபெண்டன்ட் விசாவில் ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழில்கூட. தொழில்முறை விளையாட்டும் கோச்சிங்கும் மட்டும் அதில் தடை. ஸ்டூடன்ட், கிராஜுவேட் விசாக்களிலும் இதே தடை உண்டு. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது கோச்சிங்தான். எத்தனை சின்ன வயது, எத்தனை சின்ன ஹால் என்பது கணக்கில் வராது. கிளப்பில் சந்தா கட்டி மகிழ்ச்சிக்காக ஆடுவதற்கோ, தர்ம நிதிக்கான ஆட்டத்தில் அமெச்சூராகக் கலந்துகொள்வதற்கோ தடையில்லை. பயிற்சியாளர் சான்றிதழ் படிப்பை இப்போதே முடித்து வைத்துக்கொள்ளட்டும். நிரந்தர வசிப்புரிமை அவர் பெயரிலேயே வந்தபிறகு இந்த நிபந்தனை போய்விடும், அன்றிலிருந்து காசு வாங்கியே சொல்லிக்கொடுக்கலாம்.