பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: வாக்காளர் பதிவு பற்றிய கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பு திருத்தப்படும் காலத்தில் படிவம் நிரப்ப உதவும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எந்தக் கட்சி நல்லது என்று கேட்டவற்றை எடுக்கவில்லை. அதை நாங்கள் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

கேள்வி (கோப்பாய்): அக்கா, எனக்கு இந்த ஏப்ரலில் 18 வயது முடிந்தது. விதானையார் (கிராம அலுவலர்) தானாகவே பெயரைச் சேர்த்துவிடுவார் என்று அம்மா சொல்கிறா. சரிதானா?

பதில்: இல்லைத் தம்பி, தானாக எதுவும் நடக்காது. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. அதற்கு பி.சி. எனப்படும் வாக்காளர் விபரப் படிவத்தில் உங்கள் வீட்டில் உள்ளவர்களின் விபரம் போக வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்த அடையாள அட்டை இருக்கும்தானே, அந்த இலக்கத்தோடு ஜி.எஸ். (அதுதான் விதானையார்) அலுவலகத்துக்குப் போங்கள். முன்பெல்லாம் குறித்த திகதி தாண்டி 18 நிரம்பினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டின் இடையில் 18 ஆகிறவர்களுக்குத் துணை இடாப்பு கொண்டுவந்தார்கள். ஆகவே "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். படிவம் கொடுத்த பிறகும் வேலை முடியவில்லை. சேர்க்கப்படும் பெயர்களையும் நீக்கப்படும் பெயர்களையும் காட்சிக்கு வைப்பார்கள். போய் உங்கள் பெயரைக் கண்ணால் பாருங்கள். விடுபட்டிருந்தால் அந்த அறிவித்தலில் உள்ள கடைசித் திகதிக்குள் கோரிக்கை கொடுக்கலாம்.

கேள்வி (சுன்னாகம்): எந்தத் தேர்தலிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வாக்குப் போடவும் மாட்டேன். பிறகு எதற்குப் பதிய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை வீடு வீடாகக் கேட்கிறேன். இதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று சொல்லலாம்.

பாராளுமன்றத்தில் 225 பேர். 29 பேர் தேசியப் பட்டியல், மீதி 196 பேர் மாவட்டங்களிலிருந்து. அந்த 196இல் 36 ஆசனம் மாகாணத்துக்கு நான்கு என்ற கணக்கில் போகிறது. எஞ்சிய 160உம் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதை வைத்துப் பங்கிடப்படுகிறது. எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பது அங்கே கணக்கில்லை, எத்தனை பெயர் இடாப்பில் இருக்கிறது என்பதே கணக்கு.

எங்கள் தேர்தல் மாவட்டம் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2010இல் இதற்கு 9 ஆசனம் இருந்தது. இடாப்பில் 7 லட்சத்துக்கு மேல் பெயர். போர் முடிந்தபின் நடந்த மீளாய்வில் இறந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் என்று பெயர்கள் கழிந்து, 2011இல் அது 5 லட்சத்துக்கும் கீழே வந்தது. 2015இல் எங்களுக்கு 7 ஆசனம். 2024இல் 6.

அந்த 7 ஏன் 6 ஆனது என்பதைக் கவனியுங்கள். 2020ஐ விட 2024இல் எங்கள் பெயர்கள் கூடித்தான் இருந்தன, 5 லட்சத்து 93 ஆயிரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் வேறு மாவட்டங்கள் எங்களை விட வேகமாகக் கூடின. அதே தேர்தலில் கம்பகாவுக்கு 18 இருந்தது 19 ஆனது. நீங்கள் வாக்களிக்காமல் விடுவது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பதியாமல் விட்டால் வாக்களிக்க விரும்புகிற உங்கள் அயலவரின் பங்கும் சேர்ந்து குறைகிறது.

கேள்வி (மானிப்பாய்): அப்படியென்றால் கனடாவில் இருக்கிற அண்ணாவின் பெயரையும் வெட்டாமல் விட்டால் ஆசனம் கூடுமே?

பதில்: வேண்டாம். இடாப்பு என்பது இங்கே வழமையாக வசிப்பவர்களின் பட்டியல். பொய் விபரம் கொடுப்பது குற்றம். வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க எங்கள் சட்டத்தில் வழியும் இல்லை. இல்லாதவரின் பெயர் இடாப்பில் கிடந்தால் ஆள்மாறாட்டத்துக்கு இடம் கொடுத்ததாகும், வாக்களிப்பு வீதமும் குறைவாகத் தெரியும்.

உண்மையாக இங்கேயே இருந்தும் பெயர் இல்லாதவர்கள் நிறையப் பேர். கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன பெண்களைப் பாருங்கள். தாய்வீட்டில் வெட்டிவிடுவார்கள், புகுந்த வீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடுங்கள்.

கேள்வி (நல்லூர்): வாடகை வீட்டில் இருக்கிறோம். இங்கே பதியக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த வருடங்களில் மகனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்க வேண்டும்.

பதில்: வீட்டுக்காரருக்கு அதைத் தடுக்க உரிமை இல்லைத் தங்கச்சி. பதிவுக்கு வேண்டியது நீங்கள் அங்கே வசிப்பதுதான், வீடு யாருடையது என்பதல்ல. பதிந்தால் வாடகைக்கு இருப்பவர் வீட்டைப் பிடித்துக்கொள்வார் என்ற பயத்தை எல்லா ஊரிலும் காண்கிறேன். வாக்காளர் இடாப்பு காணி உறுதி அல்ல. இதை வீட்டுக்காரருக்கு ஜி.எஸ். வாயால் சொல்ல வைத்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். ஒத்துவராவிட்டால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். முதலாம் தர அனுமதியில் வசிப்பிடப் பிரிவுக்குப் பெற்றோரின் வாக்காளர் பதிவை ஆண்டாண்டாகப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (உடுவில்): ஊர் மயிலிட்டி. இடம்பெயர்ந்து இங்கே இருக்கிறோம். எங்கே பதிவது?

பதில்: ஓரிடத்தில் மட்டும்தான் பதியலாம். இப்போது எங்கே வசிக்கிறீர்களோ அங்கே என்பதுதான் பொது விதி. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரில் பதிய 2013இல் 27ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது, ஆனால் அது குறித்த காலத்துக்கானது. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு, வீடு கட்டி மயிலிட்டிக்கே போய்விட்டால் அங்கே மாற்றுங்கள். அதுவரை உடுவிலில் இருங்கள். மாறும்போது இரண்டு ஜி.எஸ்.மாரிடமும் சொல்லுங்கள். ஓரிடத்தில் வெட்டி மற்ற இடத்தில் சேர்க்காமல் விடுவதால்தான் பெயர் தொலைகிறது.

கேள்வி (கிளிநொச்சி): தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தோம். மகள் அங்கே பிறந்தவள். 20 வயதாகியும் வாக்கு இல்லை.

பதில்: அவளுக்கு முதலில் வேண்டியது பிரஜாவுரிமைச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இலங்கையர் என்றாலும் பிரஜாவுரிமையைப் பதிந்துதான் பெற வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் மற்றது ஒன்றும் நகராது. பிறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு வாக்கு நிராகரிக்கப்பட்டதே, ஏன்?

பதில்: மனதை வருத்துகிற விடயம். 32 ஆயிரத்துக்கும் மேல் போனது. அளிக்கப்பட்ட வாக்கில் ஏறக்குறைய பதினொன்றுக்கு ஒன்று. வேலையை விட்டு, வெயிலில் வரிசையில் நின்று போட்ட வாக்குகள் அவை.

அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அதில் 1, 2, 3 என்று இலக்கமிடலாம். இரண்டு மாதம் கழியாமல் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், வேறு முறை: முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி (X அடையாளம்), பிறகு விரும்பினால் கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி, இதுதான் விருப்பு வாக்கு. அதோடு வாக்குச்சீட்டும் நீளமாக இருந்தது. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கு செல்லாது. இரண்டு கட்சிகளுக்குப் போட்டாலும், உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதினாலும் செல்லாது. நான்கு இலக்கத்துக்குப் போட்டால் விருப்பு வாக்கு மட்டும் போகும், கட்சி வாக்கு நிற்கும். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் இன்னொரு முறை, ஒரே ஒரு புள்ளடி. முறை இப்படி மாறும்போது வயதானவர்கள் குழம்புவதில் என்ன ஆச்சரியம்?

இதற்குத் தொண்டர்களால் செய்யக்கூடியது இருக்கிறது. மாம்பழம், பலாப்பழம் என்று எந்தக் கட்சிக்கும் இல்லாத படங்களை வரைந்து ஒரு பழகு சீட்டு செய்து, ஒவ்வொருவரையும் தம் கையால் போட்டுப் பார்க்க வைக்கிறோம். துண்டுப்பிரசுரம் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார்கள். கையால் ஒருமுறை போட்டவர்கள் மறப்பதில்லை.

கேள்வி (சாவகச்சேரி): அப்பாவுக்குக் கண் தெரியாது. நான் கூடப் போகலாமா?

பதில்: போகலாம். 2011இன் 28ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அதற்குரிய சான்றுப் படிவத்தை முன்கூட்டியே ஜி.எஸ்.இடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): வாக்காளர் அட்டை வீட்டுக்கு வரவில்லை என்றால்?

பதில்: இடாப்பில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி (யாழ். நகர்): மாகாண சபைத் தேர்தல் நடக்காதபோது இதெல்லாம் எதற்கு?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வட மாகாண சபைக்கு நடந்தது ஒரே ஒரு தேர்தல், 2013 செப்டெம்பர் 21இல். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதன்பின் மக்கள் தெரிந்த சபை இல்லை. ஆனால் தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் அன்று கையில் இருக்கிற இடாப்பைத்தான் எடுப்பார்கள். அறிவித்த பிறகு ஓடிப்போய்ப் பதிய முடியாது.

கேள்வி (திருநெல்வேலி): நாங்கள் சில பல்கலைக்கழக மாணவர்கள். தொண்டர்களாகச் சேர என்ன தகுதி வேண்டும்?

பதில்: எந்தக் கட்சிக்கும் அந்தக் காலத்தில் வேலை செய்யாமல் இருந்தால் போதும். படிவம் கொடுப்பதும் சேர்ப்பதும் ஜி.எஸ்.இன் கடமை, அதை நாங்கள் கையில் எடுப்பதில்லை. முதலில் அவரிடம் போய், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் 18 தாண்டியவர்கள் யார், புதிதாகக் குடிவந்தவர்கள் யார் என்று கேளுங்கள். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று அவர்களுக்கு முன்னாலேயே பார்த்துச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். தேர்தல் நாளில் கண்காணிக்கவும் விருப்பம் என்றால் பவ்ரல் போன்ற அமைப்புகள் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் உங்களுக்குள் இருந்தால், சொந்த ஊரில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதை அவர்கள் முதலில் பார்க்கட்டும். மாணவர்களுக்குத் தபால் வாக்கு இல்லை, தேர்தல் நாளில் ஊருக்குப் போக வேண்டிவரும்.