கொடி மாறி வந்தா பிடுங்காதீங்க: அவரை கேள்வி பதில்

அக்கா வணக்கம். ரெண்டு வருஷமா ஒரே பந்தல்ல பச்சை பட்டை அவரையும் ஊதா அவரையும் போட்டிருந்தேன். பச்சையில மட்டும்தான் விதை எடுத்தேன், எல்லாமே ஒரே மாதிரி வெள்ளை விதை. இந்த ஆடிக்கு போட்ட எட்டு கொடியில ஏழு பச்சை, ஒண்ணு மட்டும் தண்டு ஊதா, பூ ஊதா, காய் பச்சையில ஊதா ஓரம். விதை கெட்டுப்போச்சா? பிடுங்கிடவா?
– வாசகி, தேனி

ஐயோ பிடுங்கிடாதீங்கம்மா! உங்க பந்தல்ல இருக்கிற எட்டுல அதுதான் புதுசு. விதையும் கெடல. அவரை பெரும்பாலும் தன் பூவுலயே தானே மகரந்தம் சேர்த்துக்கும், ஆனா தேனீயும் கருவண்டும் பூ பூவா போகும்போது ஒண்ணு ரெண்டு பூவுல பக்கத்து கொடி மகரந்தம் விழுந்திடும். உங்க பச்சைக் கொடியில ஏதோ ஒரு பூவுல ஊதாவோடது விழுந்திருக்கு, அவ்ளோதான்.

அப்போ விதை ஏன் ஒரே மாதிரி இருந்துச்சுனு கேப்பீங்க. நாம கையில பாக்குற விதைத்தோல் அம்மா கொடியோட உடம்பு, அதுல அப்பாவோட பங்கு கிடையாது, கலப்பு நடந்தது உள்ள இருக்கிற முளையிலதான். அதனால கலப்பு நடந்த வருஷம் காயும் விதையும் அம்மா மாதிரியேதான் இருக்கும், அந்த விதையை போட்டு கொடி ஏறினா மட்டும்தான் குட்டு வெளிய வரும். இது தெரியாம நிறைய பேரு விதை குடுத்தவங்கள திட்டுறாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இனிமே நீங்க செய்ய வேண்டியது, அந்த கொடியில ஒரு சிவப்பு துணி கட்டிடுங்க, அதோட விதையை தனி டப்பாவுல எடுத்து வைங்க. அந்த விதையெல்லாம் ஒரே நிறமா இருக்கும், ஏமாந்துடாதீங்க, பிரியறது அடுத்த ஆடியிலதான். அப்போ எடம் இருந்தா இருபது முப்பது கொடி போடுங்க, இல்லனா பன்னெண்டு கொடியாவது போடுங்க. பூ நிறம் ஒரே ஒரு ஜீன் (மரபணு) விஷயமா இருந்தா நாலுல மூணு பங்கு ஊதா, ஒரு பங்கு வெள்ளைனு வரும். ஆனா காய் அகலம், நார், பூக்கிற நாள் இதெல்லாம் பல ஜீன் சேர்ந்து முடிவு பண்றதால எல்லா அளவுலயும் வந்து நிக்கும், விதை நிறமும் அந்த வருஷம் கொடிக்கு கொடி மாறும். பட்டாணி வெச்சு மரபு விதிகளை கண்டுபிடிச்ச மெண்டல் பீன்ஸையும் விடல, 1866ல வந்த கட்டுரையிலயே வெள்ளைப்பூ குட்டை பீன்ஸையும் சிவப்புப்பூ ரன்னர் பீன்ஸையும் (மலையில வளர்ற கொடி பீன்ஸ்) சேர்த்ததை எழுதியிருக்கார், அதோட பிள்ளைங்கள்ல பூ சிவப்புலேருந்து வெளிர் ஊதா வரைக்கும் பல சாயல்ல வந்துச்சாம்.

அந்த கொடிங்கள்ல உங்க நாக்குக்கு புடிச்சது, அசுவினி கம்மியா ஏறுனது, சீக்கிரம் காய்ச்சது, இப்படி ரெண்டு மூணு எடுத்து கொடிக்கு ஒரு டப்பானு தனித்தனியா விதை சேருங்க, எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிடாதீங்க. ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புத்தன்மை பாதி பாதியா குறையும், முதல் கொடியில நூறு சதவீதம்னா அதோட பிள்ளையில 50, அப்புறம் 25, 12.5, 6.25னு இறங்கும். அஞ்சாறு வருஷத்துல போட்டா அதே மாதிரி வர்ற உங்க வீட்டு ரகம் கையில இருக்கும். ஒண்ணே ஒண்ணு, பழைய பச்சை அவரை விதை மிச்சம் இருந்தா அதை தொடாம பத்திரப்படுத்துங்க. இனிமே விதைக்குனு எடுக்கிற பூங்கொத்தை பூ விரியறதுக்கு முன்னாடியே மெல்லிசு வலைப்பையால மூடிடுங்க, பைக்குள்ளயே தானா காய் பிடிச்சுக்கும், பிடிச்சதும் பையை எடுத்துட்டு ஒரு நூல் கட்டி அடையாளம் வைங்க.

மாசி மாசம் மாடியில அவரை போட்டேன். கொடி கம்பி தாண்டி பக்கத்து வீட்டுக்கே போயிடுச்சு. ஜூலை ஆச்சு, ஒரு பூ இல்ல. என்ன உரம் போடலாம்?
– வாசகர், சென்னை

உரம் போடாதீங்க சார், அதுவும் கடலைப்புண்ணாக்கு மாதிரி தழைச்சத்து போட்டா இன்னும் இலைதான் விடும். நாட்டு கொடி அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். சென்னையில ஜூன் மாசம் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர்ல 11 மணி 20 நிமிஷம் மாதிரி. இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை அந்த கொடி கணக்கு வெச்சிருக்கு பாருங்க. அதனாலதான் ஆடியில விதைச்சு கார்த்திகை மார்கழியில காய் பறிச்சு பொங்கல் கூட்டுக்கு போட்டாங்க. ராத்திரி தெருவிளக்கு நேரா கொடி மேல அடிக்குதானும் பாருங்க, அதுவும் பூவை தள்ளிப்போடும். இப்போ நுனியை கிள்ளி விட்டு காத்திருங்க, ஐப்பசியில பூ வரும். வருஷம் பூரா காய் வேணும்னா கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் இருக்கு, அதுங்க பகல் நீளம் பாக்காது. அந்த செடி அவரையையும் நாட்டுக் கொடியையும் சேர்த்து எந்த மாசத்துலயும் காய்க்கிற கொடி எடுக்கணும்னு நான் மூணு வருஷமா பார்த்துட்டு இருக்கேன், இன்னும் கிடைக்கல, விடப்போறதில்ல.

அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன். தேனீயை நம்பாம கையாலயே கலப்பு பண்ண முடியுமா?
– வாசகர், கரூர்

முடியும் தம்பி, பொறுமைதான் வேணும். மறுநாள் விரியப்போற மொட்டு கொஞ்சம் உப்பி நிறம் காட்டும், அதை முந்தின நாள் சாயங்காலம் எடுத்துக்கோ. மேல இருக்கிற பெரிய கொடியிதழை விலக்கு, ரெண்டு சிறகிதழை விலக்கு, உள்ள படகு மாதிரி இருக்கிற இதழை ஊசி நுனியால கீறினா பத்து மகரந்தத் தாள் தெரியும், ஒம்போது ஒட்டியிருக்கும் ஒண்ணு தனியா நிக்கும். பத்து மகரந்தப் பையையும் சின்ன ட்வீசர்ல எடுத்துடு, நடுவுல இருக்கிற சூல்தண்டை மட்டும் இடிச்சிடாத. இதழை மூடி மேல சின்ன பை போட்டுடு. காலையில அப்பா கொடியில புதுசா விரிஞ்ச பூவை பறிச்சு படகிதழை அழுத்தினா மகரந்தம் ஒட்டின நுனி வெளிய வரும், அதை அம்மா பூவோட நுனியில தடவிட்டு நூல் கட்டு, அதே கொத்துல இருக்கிற மத்த மொட்டையெல்லாம் கிள்ளிடு. நிறைய உதிரும், எனக்கு இருபது பூ பண்ணா மூணு நின்னாலே சந்தோஷம். ஒரு விஷயம் சொல்றேன், வெள்ளைப்பூ பச்சைத் தண்டு கொடியை அம்மாவா வை, ஊதாவை அப்பாவா வை. விதை முளைச்சதும் தண்டு ஊதா அடிச்சா கலப்பு பலிச்சிடுச்சு, பச்சையாவே வந்தா உன் கைக்கு முன்னாடியே பூ தானா சேர்ந்துடுச்சுனு அர்த்தம்.

சிறகவரை விதை மூணு வாட்டி போட்டும் முளைக்கல.
– வாசகி, நாகர்கோவில்

தோல் ரொம்ப கெட்டி, தண்ணி உள்ள போகல. விதையோட கண்ணுக்கு எதிர்ப்பக்கம் நெயில் கட்டரால லேசா ஒரு கீறல் போட்டு ராத்திரி ஊறவைங்க, உப்பினதை மட்டும் போடுங்க. இதுவும் பகல் குறையும்போதுதான் பூக்கும். காய் முடிஞ்சதும் கொடியை தூக்கி எறியாதீங்க, கீழ கிழங்கு இருக்கு, அதுலேருந்து மறுபடி துளிர்க்கும். பாப்புவா நியூகினி மலையில அந்த கிழங்குக்காகவே பயிர் பண்றாங்க. 1975ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி இந்த ஒரு அவரைக்காக தனி அறிக்கையே போட்டுச்சு. நம்ம ஆளுங்க இன்னும் வேலியில அழகுக்கு விட்டுட்டு போறாங்கனா எனக்கு தாங்கல.

தம்பட்டை அவரையோட முத்தின விதையை வேகவெச்சு சாப்பிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். பிஞ்சுக் காய் மட்டும் போதும், முத்தின விதையில நஞ்சு இருக்கு.

குன்னூர்ல இருக்கேன். ரன்னர் பீன் போட்டேன், முளை வந்துச்சு ஆனா மத்த பீன்ஸ் மாதிரி பருப்பு ரெண்டும் மேல வரல. பழுதா?
– வாசகி, குன்னூர்

பழுது இல்ல, அதோட பழக்கமே அதுதான், பருப்பு மண்ணுக்குள்ளயே தங்கிடும். அதுக்கும் கிழங்கு வேர் உண்டு, பனி அடிச்சு வேர் அழுகாம வெச்சுகிட்டா பல வருஷம் வரும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா மலைப்பயிர் அது, அதனால உங்க ஊர் குளிர்ல காய்க்கும், எங்க பக்கம் சமவெளி வெயில்ல பூ மட்டும் வந்து உதிர்ந்துடும். அவரையை விட இது ரொம்ப சுலபமா கலந்துடும், ரெண்டு நிறம் போட்டா விதை கலப்புதான்.

அம்மிணி, எனக்கு 71 வயசு. எங்கம்மா காலத்துல கருப்புப் புள்ளி வெச்ச அவரை ஒண்ணு எங்க தோட்டத்து வேலியில மூணு வருஷம் நாலு வருஷம்னு நிக்கும். இப்போ ஒரு பழைய கண்ணாடி பாட்டில்ல சாம்பலோட பதினோரு விதை கிடைச்சிருக்கு, அஞ்சாறு வருஷம் பழசு இருக்கும். எப்படி போடறதுனு பயமா இருக்கு.
– வாசகர், பொள்ளாச்சி

ஐயா, படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அம்மா சாம்பல் போட்டதாலதான் வண்டு துளைக்காம நின்னிருக்கு. பதினொண்ணையும் ஒரே நாள்ல போடாதீங்க. ஆடியில ஆறு எடுங்க, அஞ்சு அதே பாட்டில்ல இருக்கட்டும். ஆறையும் நாலு மணி நேரம் தண்ணியில போட்டு, ஈரத்துணியில சுத்தி வைங்க, பழைய விதை மெதுவாதான் எழுந்திருக்கும், பத்து நாள் வரைக்கும் பாருங்க. முளை விட்டதை பேப்பர் கப்ல மண் நிரப்பி வீட்டுக்குள்ள வெளிச்சத்துல வளத்து, நாலு இலை வந்ததும் வேலியோரம் நடுங்க, அணிலும் கோழியும் தொடாம சுத்தி வலை போட்டுடுங்க. பக்கத்துல வேற அவரை எதுவும் இந்த வருஷம் வேண்டாம்.

முதல் வருஷம் ஒரு காயைக் கூட சமையலுக்கு பறிக்காதீங்க, மொத்தமும் விதைக்கு. மாசியில காய் ஓஞ்சதும் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மூட்டுல தொழுவுரம் போட்டு, வெயில் காலத்துல வாரம் ரெண்டு தண்ணி விட்டா அடுத்த ஆடியில திரும்ப தழைக்கும், அம்மா செஞ்சதும் இதேதான். விதையை நல்லா காயவெச்சு, பல்லுல கடிச்சா பதியாம டக்குனு உடையற பதம் வந்ததும் மூணு பங்கு பண்ணுங்க. ஒண்ணு உங்க பாட்டிலுக்கு, ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற பொண்ணு வீட்டுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ, மூணாவது பங்குல பத்து விதை எனக்கு போட்டு விடுங்க ஐயா, எங்க வேலியில தனியா நட்டு காப்பாத்தி வைக்கிறேன், என்னைக்காவது உங்க பக்கம் அழிஞ்சா திருப்பி தர்றேன்.