நான்கு ஃபவுல்

வணக்கம் சார்,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆண்டுதோறும் தரும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு ஓட்டுப் போடுபவர்கள் 100 பத்திரிகையாளர்களும் ஒளிபரப்பாளர்களும். களத்தில் நின்று யாரையும் தடுத்திராத இவர்கள் எப்படி முடிவு செய்யலாம்? ரூடி கோபேருக்கு நான்கு முறை கொடுத்துவிட்டார்கள். அவர் தலைக்கு மேலே ஷாட் போடும் கிளிப்புகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2025-இல் விக்டர் வெம்பன்யாமா 46 ஆட்டம்தான் ஆடினார் என்று அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இவர்கள் விலைபோனவர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஓட்டைப் பயிற்சியாளர்களிடம் கொடுத்தால் நியாயம் கிடைக்காதா?

எங்கள் அணியில் நானும் டிஃபென்ஸ் மட்டும் ஆடுகிறவன். அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் எழுதுகிறேன். அவற்றை முதலில் எழுதியிருக்கலாம் நீங்கள்.

வெம்பன்யாமா விஷயத்தை முடித்துவிடுவோம். விருதுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி 2023-24 பருவத்திலிருந்து இருக்கிறது. தோளில் ரத்தம் உறைந்ததால் அவரால் ஆட முடியாமல் போனது. வருத்தமான விஷயம்தான், ஆனால் அதில் அநியாயம் எதுவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 21.

‘விலைபோனவர்கள்’ என்ற சொல்லை எதை வைத்து எழுதினீர்கள்? யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு வெளியிடுகிறார்கள். முதல் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. நமக்குப் பிடிக்காத முடிவு வந்தால் முடிவெடுத்தவனைத் திருடன் என்று சொல்லிவிடும் பழக்கம் நாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. இருபது வயதில் உங்களுக்கு அது வேண்டாம். கோபேர் தலைக்கு மேலே ஷாட் போட்ட கிளிப்புகளைப் பார்த்தீர்கள், சரி. பந்தோடு உள்ளே பாய்ந்துவிட்டு, அவர் நிற்பதைப் பார்த்து வெளியே இருப்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிட்டவர்களின் கிளிப்புகளைப் பார்த்தீர்களா? அதை யாரும் வெட்டிப் போட மாட்டார்கள். பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தால்தான் ஒருவன் எத்தனை முறை அப்படித் திரும்பிப் போனான் என்பது தெரியும். டிஃபென்ஸ் ஆடும் நீங்களே கிளிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்வது?

பயிற்சியாளர்களிடம் கொடுக்கலாமா என்கிறீர்கள். கொடுத்திருந்தார்கள், தம்பி. தனி விருதுக்கு எப்போதும் பத்திரிகையாளர் ஓட்டுதான். ஆனால் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட அணியை, முதல் அணி, இரண்டாவது அணி என்று ஐவர் ஐவராக, பல காலம் பயிற்சியாளர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2013-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். மெம்பிஸ் அணியின் மார்க் கசோலுக்குத் தனி விருது கிடைத்தது. அதே ஆண்டு பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த அணியில் அவருக்கு முதல் ஐவரில் இடமில்லை, இரண்டாவது அணியில்தான் போட்டார்கள். முந்தைய ஆண்டு டைசன் சாண்ட்லருக்கும் இதே கதைதான். லீக்கிலேயே சிறந்தவர், ஆனால் இரண்டாவது அணியில்! கசோல் விஷயம் நடந்த அடுத்த ஆண்டே, 2014-இல், அந்த ஓட்டையும் பத்திரிகையாளர்களிடம் மாற்றிவிட்டார்கள்.

கசோலை விட்டு என்னால் நகர முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு எடுத்தது எட்டு ரீபவுண்டுகூட (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) இல்லை. பிளாக், அதாவது ஷாட்டைத் தட்டிவிடுவது, இரண்டுக்கும் கீழே; ஸ்டீல், அதாவது பந்தைப் பறிப்பது, ஒன்று. அவர் உயரத்துக்கு இந்த எண்களை வைத்துப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவருடைய அணி ஆட்டத்துக்குச் சராசரி 89.3 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது, லீக்கிலேயே மிகக் குறைவு. அவர் குதிக்க மாட்டார். எதிரணிக்காரன் எந்த இடத்துக்கு வரப்போகிறானோ, ஓரடி முன்னால் அங்கே போய் நிற்பார். நால்வருக்கும் சத்தம் போட்டு இடம் சொல்வார். அவன் வந்து பார்ப்பான், வழி இருக்காது. இதில் எதை ஸ்கோர் தாளில் எழுதுவது? ஸ்டீலுக்குக் கையை நீட்டித் தவறவிட்டால் பின்னால் நால்வர் ஐவரைச் சமாளிக்க வேண்டும், அந்தத் தவறுக்கு ஒரு கட்டம் கிடையாது. பிளாக் செய்து பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தால் கைதட்டல் கிடைக்கும், பந்து மறுபடி எதிரணிக்கே போகும். அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரர் பில் ரஸ்ஸல் அப்படி அடிக்க மாட்டார். தட்டிவிட்ட பந்தைத் தன் ஆட்டக்காரன் கையில் போடப் பார்ப்பார். தாளில் இரண்டும் ஒன்றுதான்.

தாள் என்றேன், ரஸ்ஸலுக்கு அதுவும் இல்லை. பிளாக்கையும் ஸ்டீலையும் லீக் எண்ணத் தொடங்கியது 1973-74-இல். அவர் ஓய்வு பெற்றது 1969-இல். 13 பருவத்தில் 11 சாம்பியன் பட்டம் வாங்கிய மனிதருக்கு லீக்கின் கணக்கில் ஒரு பிளாக்கூடக் கிடையாது. தடுப்பாட்ட விருதே 1983-இல்தான் வந்தது.

1962-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்த பருவம். ஒரே ஆட்டத்தில் 100 அடித்ததும் அதே பருவத்தில்தான். அன்று பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதுக்கு ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் சேம்பர்லினை விட்டுவிட்டு ரஸ்ஸலுக்குப் போட்டார்கள், சராசரி 19-ஐக்கூட எட்டாத ரஸ்ஸலுக்கு! ஆண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்த பத்திரிகையாளர்களோ சேம்பர்லினை முதல் அணியிலும் ரஸ்ஸலை இரண்டாவதிலும் வைத்தார்கள். 1962-இல் எழுதுகிறவர்கள் பார்க்கத் தவறியதை ஆடியவர்கள் பார்த்தார்கள். 2013-இல் பயிற்சியாளர்கள் தவறவிட்டதை எழுதுகிறவர்கள் பிடித்தார்கள். ஆக, ஓட்டு யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிறவன் மேல்தான் என் கோபமெல்லாம். டிம் டங்கன் 15 முறை தடுப்பாட்ட அணிகளில் இடம்பெற்றும் அந்தத் தனி விருது ஒருமுறைகூட அவர் கைக்கு வரவில்லை.

எண்ணிக்கையையும் ஒரு மனிதக் கைதான் எழுதுகிறது. 1988-இல் தடுப்பாட்ட விருது வாங்கிய மைக்கேல் ஜோர்டனின் பெயரில் சொந்த ஊரில் எழுதப்பட்ட ஸ்டீல்கள் வெளியூரில் எழுதப்பட்டதைவிட மிக அதிகம். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

1991 என்று நினைவு. எங்கள் ஊர் மைதானத்தில் விளக்குப் போட்டு நடந்த போட்டி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்கோர் ஷீட் எழுத என்னை உட்கார வைத்தார்கள். எதிரணியில் ஒரு பையன், ஆட்டத்துக்கு இருபதுக்குக் குறையாமல் அடிப்பவன். அவனை மார்க் செய்ய எங்கள் ஊர் அணி ஒரு ஒல்லிப் பையனை விட்டது. அன்று முழுக்க அவன் பந்தைத் தேடவே இல்லை. அந்த ஆளின் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தான். பந்து கைக்கு வராமல் அந்த ஆள் தன் அணிக்காரர்களிடமே எரிந்து விழ ஆரம்பித்தான். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் வந்து ஷீட்டைக் கேட்டார், கொடுத்தேன். விரலால் கீழே வரை தடவிப் பார்த்துவிட்டு 18 புள்ளி எடுத்தவன் பெயரை மைக்கில் சொன்னார். ஒல்லிப் பையன் பெயருக்கு நேராகப் புள்ளி எதுவும் இல்லை. நான்கு ஃபவுல் இருந்தது. அவன் அன்று செய்த வேலை மொத்தத்துக்கும் தாளில் எஞ்சியது அதுதான், என் அழகான கையெழுத்தில். மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு அவன் மேசைக்கு வந்தான்.

“அண்ணே, அவன் எத்தனை?”

“ஏழு.”

“ஃப்ரீ த்ரோ எத்தனைண்ணே?” ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் போடவிடும் ஷாட்டைக் கேட்டான்.

“மூணு.”

“அப்போ என்கிட்ட நாலுதான்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனான்.

எஸ்., நீங்கள் கடைசியாக மார்க் செய்த ஆள் எத்தனை எடுத்தான்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். ஃப்ரீ த்ரோவைக் கழித்துவிட்டு.