கிளம்பும் முன்பே தூக்க மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்றரை வயது. வலிப்பு வந்ததால் மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். காலை 10 மணிக்கு ஸ்கேன். தூக்க சிரப்பை வீட்டிலேயே கொடுத்துக் காரில் தூங்க வைத்துவிட்டால் என்ன?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம் ஆச்சி. மருந்தில் கழுத்து தளர்ந்து, தாடை நெஞ்சில் கவிழ்ந்து, நாக்கு பின்னால் சரிந்தால் மூச்சு அடைபடும். காரில் பார்ப்பவர்களுக்கு அது அசந்த தூக்கமாகவே தெரியும். இன்னொரு சிக்கல்: ஸ்கேன் மேசையில் கிடத்தும்போது பிள்ளை விழித்துக்கொள்ளும். உடனே இன்னொரு வேளை மருந்து. முதல் மருந்தே உடம்பைவிட்டுப் போகாத நிலையில், இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும்.

அன்றைய எடையைப் பார்த்து, ஸ்கேன் நடக்கும் இடத்தில்தான் மருந்து தர வேண்டும். ஆக்ஸிஜன், சளி உறிஞ்சும் கருவி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தயாராக இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி வலுவான காந்தம் என்பதால், சாதாரண இரும்பு சிலிண்டரை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. அங்கே அதற்கென்று தனிக் கருவிகள் தேவை. "பிள்ளையின் மூச்சை மட்டும் பார்க்க யார் நிற்பார்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், மயக்க மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

10 மணி ஸ்கேனுக்கு இட்லி, பசும்பால், பால்பவுடர் எல்லாம் அதிகாலை 4 மணியோடு சரி. நெய், எண்ணெய்ப் பலகாரம் முந்தின இரவோடு சரி. தாய்ப்பால் 6 வரை, தண்ணீர் 8 வரை. கஞ்சித் தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் சேராது. வழியில் யாராவது பாசத்தில் ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அன்று காலை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள், பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள்.

அரைஞாண், கொலுசு, தாயத்து, சட்டையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்து, பிள்ளை நன்றாக விழித்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். காரில் ஓட்டுபவர் தவிர ஒருவர் பக்கத்தில் இருந்து தாடை கவிழாமல் பார்க்க வேண்டும். மறுநாள் வரைகூட நடை தள்ளாடலாம். திண்ணை, முற்றத்து விளிம்பு, வாசற்படிப் பக்கம் தனியே விடாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தைக்கு சி.டி. ஸ்கேனுக்கும் மயக்கம் வேண்டுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. படம் எடுக்கச் சில விநாடிகளே ஆகும். ஸ்கேனுக்குச் சற்று முன் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றிக் கிடத்தினால் போதும். படம் தெளிவாகத் தெரிய சாய மருந்து செலுத்துவார்கள் என்றால் மட்டும் பால் கொடுக்கும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.