ஏ.எஸ். அட்டை இருந்தால் கொசுவலை வேண்டாமா?

கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து மகனுக்கு சிக்கிள் செல் 'ஏ.எஸ்.' என்று அட்டை கொடுத்தார்களாம். அந்த ரத்தம் உள்ளவர்களுக்கு மலேரியா வராது என்று யாரோ சொல்ல, சாலை வேலைக்கு ஒடிசாவின் கோராபுட்டுக்குக் கிளம்பும் பையன் கொசுவலையை ஓரமாக வைத்துவிட்டான். வைக்கலாமா?

வைக்கக் கூடாதம்மா. முதலில் வலையை எடுத்துப் பையில் போடச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

சொன்னவர் பாதி சரி. சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் பரம்பரை நோய். தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் அதன் மரபணு வந்திருந்தால் அதைத்தான் 'ஏ.எஸ்.' என்கிறார்கள். இவர்களிடம் மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும், மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்துப் பிடித்து அழித்துவிடும். அதனால் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா முற்றி மூளைக்குப் போய் உயிரை எடுப்பது வெகுவாகக் குறைகிறது. 1954இல் அலிசன் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பைக் காட்டினார். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ரத்தம் இருப்பது அதற்கும் இரண்டு வருடம் முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் கொசு கடிக்கும், கிருமி ஏறும், காய்ச்சலும் வரும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கு இந்த அட்டையை நம்பவே வேண்டாம்.

எனக்குக் கொசுவைவிட மேஸ்திரியிடம்தான் பயம். ஆள் படுத்தால் ஒருநாள் கூலி போகுமே என்று சட்டைப்பையிலிருந்து நாலு குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரையை எடுத்து நீட்டுவார். ஃபால்சிபாரத்துக்கு அது நம் நாட்டில் பலிக்காமல் போய் எத்தனையோ வருடமாகிறது. காய்ச்சல் கண்ட அன்றே விரலில் குத்திப் பார்க்க வேண்டும், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமே மலேரியா பார்க்கும் கிட் இருக்கும், காசு கிடையாது. மரபணுச் சோதனைக்கு 'ஜீன் பேக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் லேப் ஏஜென்ட்டுக்கும் கும்பிடு போட்டுவிடுங்கள்.

அந்த மாதிரிச் சோதனைகளில் ஒன்று மட்டும் விலக்கு, இதை நன்றாகக் கேளுங்கள். ஜி-6-பி-டி குறைபாடு என்று இன்னொரு பரம்பரைச் சமாச்சாரம் இருக்கிறது. அதுவும் மலேரியாவைக் கொஞ்சம் தடுக்கிறது, ஆண்களிடம்தான் அதிகம் வெளிப்படும். சிக்கிள் செல் அட்டையில் இது இருக்காது. வைவாக்ஸ் வந்தால் 14 நாள் பிரைமாகுயின் தருவார்கள், இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே மாத்திரைக்கு முன்னால் ஜி-6-பி-டி பார்த்தீர்களா என்று பையன் கேட்கட்டும். பார்க்க வசதியில்லை என்றால், மாத்திரை தின்னும் நாட்களில் சிறுநீரைக் கவனிக்கட்டும்: கட்டன் சாயா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் கிடையாது.

இதையெல்லாம் முகாமிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2023இல் தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தார்கள், அட்டையை வாசித்து விளக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் இலக்கு வைக்க மறந்துவிட்டார்கள் போல.

அட்டையைத் தொலைக்காதீர்கள். பையனுக்குப் பெண் பார்க்கும்போது அவளும் ஏ.எஸ். என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு முழு நோயே வர வாய்ப்புண்டு.